விடை சரி, வழி சரியா?

தேர்வுத் தாள் திருத்தும் ஆசிரியர்கள் அனைவரும் ஒரு சங்கடத்தை அறிவார்கள். கணக்கின் கடைசி வரியில் மாணவர் எழுதியிருக்கும் விடை சரியாக இருக்கும். ஆனால் மேலிருந்து ஒவ்வொரு படியாகப் படித்துக்கொண்டு வந்தால், நடுவில் ஓரிடத்தில் வழுக்கியிருப்பார். பிழையான படியிலிருந்து சரியான விடை எப்படியோ வந்து சேர்ந்திருக்கும். இதற்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பது?

அறிவியல் உலகிலும் இத்தகைய விடைத்தாள்கள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றை உங்களோடு சேர்ந்து திருத்திப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். அது, 1994ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘மனித மரபணுக்களின் வரலாறும் புவியியலும்’ என்னும் ஆங்கில நூல். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய இப்பெருநூலை எழுதியவர்கள் இத்தாலிய அறிஞரான லூயிகி லூக்கா கவாலி-ஸ்ஃபோர்சாவும், அவருடன் உழைத்த பாவ்லோ மெனோட்சி, ஆல்பர்ட்டோ பியாட்சா ஆகியோரும் ஆவர். மக்கள் இடம்பெயர்ந்த வரலாற்றை அவர்களுடைய மரபணுக்களைக் கொண்டே எழுதிவிடலாம் என்ற நம்பிக்கையை உலகெங்கும் பரப்பிய நூல் இது. இதன் நிலப்படங்கள் எத்தனையோ பாடநூல்களிலும் இதழ்களிலும் இடம் பெற்றன. நானும் அவற்றால் கவரப்பட்டவன்தான்.

படம் சொன்ன கதை

நூலில் மிகுதியாகப் பேசப்பட்டது ஐரோப்பாவின் படம். இதன் முதல் வடிவத்தை இம்மூவரும் 1978ஆம் ஆண்டிலேயே ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டிருந்தனர். படத்தில் மேற்கு ஆசியாவின் ஓரத்தில் ஓர் உச்சம். அங்கிருந்து வடமேற்கு நோக்கிச் செல்லச் செல்ல நிறம் படிப்படியாக மாறி, ஐரோப்பாவின் மறுகோடியில் எதிர் எல்லையை அடைகிறது. தண்ணீரில் விழுந்த மைத்துளி பரவுவதைப் பார்ப்பது போலிருக்கும்.

இப்படம் விடை தர முனைந்த கேள்வி மிக நல்ல கேள்வி. கோதுமையும் பார்லியும் மேற்கு ஆசியாவில் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்டன. அவ்வேளாண்மை மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து, ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனை அடைந்தது. ஆல்பர்ட் அம்மர்மன் என்னும் தொல்லியலாளரும் கவாலி-ஸ்ஃபோர்சாவும் 1971இல் இந்நகர்வின் வேகத்தைக் கணக்கிட்டனர். ஆண்டுக்குச் சராசரியாக 1 கிலோமீட்டர் என்று வந்தது. ஆனால் நகர்ந்தது எது? பயிர் செய்யும் அறிவு மட்டும் ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்று ஊர்விட்டு ஊர் போயிற்றா? அல்லது உழவர்களே விதையும் ஆடுமாடும் பிள்ளை குட்டிகளுமாகப் புதிய நிலம் தேடிப் போனார்களா? மக்களே போனார்கள் என்பது படத்தைக் கொண்டு நூல் கூறிய விடை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி அறிவியல் மன்றத்தில் இப்படத்தைத் திரையில் காட்டி உற்சாகமாகப் பேசினேன். பேச்சு முடிந்ததும் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் எழுந்தார். “சார், யாருமே அப்படிக் கிளம்பிப் போகாமல் இருந்திருந்தால் இந்தப் படம் எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டார். “நிறம் மாறாமல் எல்லா இடமும் ஒன்றுபோல இருந்திருக்கும்” என்று சட்டென்று பதில் சொன்னேன். மாணவர்கள் கைதட்டினார்கள். என் பதில் தவறானது. அது ஏன் தவறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தடம் பதியும் வகைகள்

முதலில், இடப்பெயர்ச்சி மரபணுக்களில் எவ்வாறு தடம் பதிக்கிறது என்று பார்ப்போம். ஒரே மரபணு பல வகைகளில் வரக்கூடும். இரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணுவிற்கு ஏ, பி, ஓ என்று வகைகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஓர் ஊரில் இவ்வகைகள் எந்த விகிதத்தில் உள்ளன, எத்தனை வகைகள் உள்ளன என்பதே அவ்வூரின் மரபணுப் பல்வகைமை.

ஒரு மூட்டை நிறையப் பல நிற மணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினால், அரிதான நிறங்கள் சில கைக்கு வராமலே போய்விடும். தாயகத்திலிருந்து சிறு கூட்டமொன்று பிரிந்து போகும்போது நடப்பது இதுதான். அக்கூட்டத்தின் சந்ததி பிறகு எவ்வளவு பெருகினாலும், விட்டுப்போன நிறங்கள் திரும்பி வருவதில்லை. இதனை நிறுவுநர் விளைவு என்பர்.

சிற்றூர்களில் தற்செயலும் பெரும் பங்கு வகிக்கிறது. கவாலி-ஸ்ஃபோர்சா 1950களில் இத்தாலியின் பார்மா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக இரத்த வகைகளை ஆராய்ந்தார். தேவாலயத் திருமணப் பதிவேடுகளையும் புரட்டினார். மலைமேலுள்ள சிறு கிராமங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. சமவெளியின் பெரிய ஊர்களுக்குள் வேறுபாடு குறைவு. தலைமுறைதோறும் சிலரே மணந்து சிலரே பிள்ளை பெறும் ஊரில், விகிதங்கள் குலுக்கலில் விழுவது போல மாறிவிடும் என்பதை இந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. அவருடைய பணிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

மூன்றாவதாக, அடுத்த ஊரில் பெண் எடுப்பது, பெண் கொடுப்பது. இது அண்டை ஊர்களை ஒன்றுபோலாக்குகிறது. தொலைவிலுள்ள ஊர்கள் மட்டும் மெல்ல வேறுபட்டுப் போகின்றன. அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் 1943இல் இதற்குத் ‘தொலைவால் வரும் தனிமை’ என்ற பொருளில் பெயரிட்டார். நம் பேச்சுமொழியைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். நாகர்கோவிலிலிருந்து சென்னை வரை ஊர் ஊராக நடந்து வந்தால் பேச்சுத் தமிழ் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே வரும். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் வேறுபாடு புலப்படாது. இரு கோடிகளையும் ஒப்பிட்டால் நன்றாகத் தெரியும். இந்தச் சரிவைப் பார்த்து, ஏதோ ஒரு கூட்டம் தெற்கிலிருந்து வடக்கே பெருநடை போட்டது என்று யாராவது முடிவு கட்டுவோமா?

என் பதிலில் இருந்த பிழை இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரும் இடப்பெயர்ச்சி எதுவுமே நடக்காவிட்டாலும் படம் ஒரே நிறமாக இராது. சரிவு இருந்தே தீரும்.

பதிவேட்டில் நடந்த பிழை

இனி, படம் வரையப்பட்ட முறையைப் பார்ப்போம். நாற்பது மாணவர்கள், ஐந்து பாடங்கள். ஒவ்வொரு பாட மதிப்பெண்ணையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டி, மாணவருக்கு ஒற்றை எண் ஒன்று தர வேண்டும். அந்த எண் மாணவர்களிடையே உள்ள வேறுபாட்டை இயன்ற அளவு மிகுதியாகக் காட்டவும் வேண்டும். அத்தகைய எண்ணுக்கு முதன்மைக் கூறு என்று பெயர். முதற்கூறு காட்டியது போக எஞ்சிய வேறுபாட்டை மிகுதியாகக் காட்டுவது இரண்டாம் கூறு. அடுத்தது மூன்றாம் கூறு. சுழலும் பொருளின் முதன்மை அச்சுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. மாணவர்களுக்குப் பதிலாக ஊர்களையும், பாடங்களுக்குப் பதிலாகப் பல பத்து மரபணு வகைகளையும் வைத்தால் கவாலி-ஸ்ஃபோர்சாவின் முறை கிடைக்கும். ஐரோப்பாவில் முதற்கூறு மொத்த வேறுபாட்டில் ஏறத்தாழ 28 சதவீதத்தைக் காட்டியது. நாம் மேலே கண்ட படம் அதுதான்.

ஆனால் எல்லா ஊர்களிலும் எல்லா மரபணுக்களும் அளக்கப்பட்டிருக்கவில்லை. வெற்றிடங்களை அண்டை இடங்களின் அளவுகளைக் கொண்டு கணிப்பொறி நிரப்பியது. அதன் பின்னரே முதன்மைக் கூறுகள் கணக்கிடப்பட்டன.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சில மாணவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார்கள். ஆறு அளவீடுகள் மட்டும் எடுப்பார்கள். அவற்றின் வழியே வளைகோடு ஒன்றை அழகாக வரைவார்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்தே இன்னும் பதினான்கு புள்ளிகளைப் படித்து, இருபது அளவீடுகள் எடுத்ததாகப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். முடிவு அற்புதமான சீர்மையோடு இருக்கும். அந்தச் சீர்மை இயற்கையுடையதா, வரைந்த கையுடையதா? ராபர்ட் சோக்கலும் அவருடைய துணைவர்களும் 1999இல் எழுப்பிய தடை இதுதான். நூலாசிரியர்களின் நோக்கம் மறைப்பதன்று. செய்முறையை வெளிப்படையாகவே எழுதியிருந்தனர். சோக்கலுக்கு மறுப்பும் எழுதினர். விவாதம் அத்துடன் ஓயவில்லை.

சுரமானிக் கம்பி

இதனினும் ஆழமான தடை 2008இல் வந்தது. ஜான் நோவெம்பர், மேத்யூ ஸ்டீபன்ஸ் ஆகிய இருவரும் என் மாணவி கேட்ட அதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டனர். சதுரங்கப் பலகை போன்ற ஒரு நிலம். கட்டத்திற்கு ஓர் ஊர். அண்டைக் கட்டங்களுக்கிடையே மட்டும் சிறு போக்குவரத்து. பரவல் இல்லை, படையெடுப்பு இல்லை, உழவர் வருகை இல்லை. இப்படிப் பல தலைமுறைகள் ஓடவிட்டு, முதன்மைக் கூறுகளைக் கணக்கிட்டுப் படம் வரைந்தனர். முதற்கூறு ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழும் சரிவாக வந்தது. இரண்டாம் கூறு அதற்குச் செங்குத்தான திசையில் இன்னொரு சரிவு. அடுத்துக் குதிரைச் சேணம் போன்ற வடிவம்; அதற்கடுத்து நடுவில் மேடிட்ட குன்று. நூலில் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களுக்கு வரையப்பட்டிருந்த படங்களும் ஏறக்குறைய இதே வடிவங்களைக் கொண்டிருந்தன!

இயற்பியல் மாணவருக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. சுரமானியில் இழுத்துக் கட்டிய கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வளைவு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று என்று அதன் அதிர்வு வடிவங்கள் அமைகின்றன. கம்பியை மீட்டியவர் யார் என்பதை அவ்வடிவங்கள் சொல்வதில்லை. கம்பி எவ்வளவு நீளம், முனைகள் எப்படி இருக்கின்றன என்பவற்றையே சொல்கின்றன. தொலைவு கூடக்கூட ஒற்றுமை குறையும் என்ற ஒரே விதிக்கு உட்பட்ட ஊர்வரிசையின் முதன்மைக் கூறுகளும் கணித அடிப்படையில் இத்தகைய அலைவடிவங்களே. முனைகள் இங்கே கட்டப்பட்டிருக்கவில்லை. ஆகவே முதல் வடிவம் அரை அலையாக, அதாவது ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இறங்கும் சரிவாக அமைகிறது. நிலப்பரப்பு கம்பியைப் போல ஒற்றைக் கோடாக இல்லாததால் உலோகத் தகட்டை உவமையாகக் கொள்வது இன்னும் பொருந்தும். கிளாட்னி 1787இல் தகடுகளின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வில்லை இழுத்துக் காட்டிய கோலங்களை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அக்கோலங்கள் தகட்டின் வடிவத்திலிருந்து பிறந்தவை. கண்டத்தின் வடிவத்திலிருந்து பிறந்த கோலத்தைத்தான் நாம் வரலாறு என்று படித்தோம்.

அது மட்டுமா? 2010இல் ஒலிவியே ஃபிரான்சுவாவும் துணைவர்களும் செய்த கணிப்பொறிச் சோதனைகளில், மக்கள் உண்மையிலேயே ஒரு திசையில் பரவியபோதும் முதற்கூறின் சரிவு அத்திசைக்குக் குறுக்கே அமைவதுண்டு என்று தெரிந்தது. காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே திரும்பி நிற்கும் திசைகாட்டியை எந்த மாலுமி நம்புவார்?

சலோனிகாவில் ஒரு முன்கதை

சரிவைக் கண்டதும் கதை சொல்லும் ஆசை பழையது. முதல் உலகப் போரின்போது கிரேக்கத் துறைமுகமான சலோனிகாவில் நேச நாட்டுப் படைகள் கூடியிருந்தன. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், செர்பியர், செனகல் நாட்டவர், இந்தியர் எனப் பல நாட்டு வீரர்களும் அங்கே இருந்தனர். மருத்துவத் தம்பதியரான லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும் ஹன்கா ஹிர்ஷ்ஃபெல்டும் அவ்வீரர்களின் இரத்த வகைகளைச் சோதித்து 1919இல் முடிவுகளை வெளியிட்டனர். மேற்கு ஐரோப்பியரிடம் ஏ வகை மிகுதி; கிழக்கே போகப் போக பி வகை கூடியது; இந்திய வீரர்களிடம் பி மிக மிகுதி.

அளவீடு நேர்த்தியானது, சரிவும் உண்மையானது. ஆனால் அவர்கள் அதற்கு மேலும் ஓர் அடி வைத்தனர். ஏ வகைக்கு ஒரு மூல இனம், பி வகைக்கு வேறொரு மூல இனம். பி இனத்தின் தொட்டில் இந்தியா. இரண்டும் பரவிக் கலந்ததே இன்றைய மனிதகுலம் என்று கருதினர். இக்கதை நிலைக்கவில்லை. ஏ, பி வேறுபாடு மனிதரிடம் மட்டுமின்றி கிப்பன் போன்ற வாலில்லாக் குரங்குகளிடமும் உண்டு. அது குறைந்தது 2 கோடி ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் பொதுச் சொத்து என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதன் தோன்றுவதற்கு எவ்வளவோ முன்பே இருந்த ஒன்றைக் கொண்டு மனிதரை இரண்டு இனங்களாகப் பிரிக்க இயலாது.

இரண்டாம் அளவீடு

சாலையில் நிற்கும் பேருந்தின் நிழற்படம் ஒன்றை உங்களிடம் தருகிறேன். அது போகிறதா, நிற்கிறதா, எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? திசைவேகத்தைக் கணக்கிட இரண்டு இடங்களும் இரண்டு நேரங்களும் வேண்டும் என்பது முதல் ஆண்டுப் பாடம். இன்று வாழும் மக்களின் மரபணுப் படம் எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் அது ஒரே நேரத்தில் எடுத்த ஒரே நிழற்படம்.

அம்மர்மனின் கணக்கில் காலம் இருந்தது. பழைய ஊர்களில் கிடைத்த பொருள்களின் வயதைக் கதிரியக்கக் கார்பன் கூறியது. ஆதலால் அந்த வேகம் நிலைத்தது. 2005இல் 735 இடங்களைக் கொண்டு மறுபடி கணக்கிட்டபோதும் ஆண்டுக்கு 0.6 முதல் 1.3 கிலோமீட்டர் என்றே வந்தது. மரபணுவிற்கும் இப்படி ஒரு காலக்கணக்கு தேவைப்பட்டது. பழைய எலும்புகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் படிக்கும் நுட்பம் அதைத் தந்தது.

சுவீடனில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டையாடிகள் சிலரின் டி.என்.ஏ.வும் உழவர் ஒருவரின் டி.என்.ஏ.வும் 2012இல் ஒப்பிடப்பட்டன. இரு சாராரின் இருப்பிடங்களுக்கும் இடையே 400 கிலோமீட்டர் கூட இல்லை. ஆயினும் வேட்டையாடிகள் இன்றைய வட ஐரோப்பியரையும், உழவர் இன்றைய தென் ஐரோப்பியரையும் ஒத்திருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் துருக்கியின் அனடோலியாப் பகுதியில் வாழ்ந்த முதல் உழவர்களின் எலும்புகளும் படிக்கப்பட்டன. ஐரோப்பாவின் முதல் உழவர்கள் பெரும்பாலும் அவர்களின் வழித்தோன்றல்களே என்பது உறுதியாயிற்று. மக்களே போனார்கள்! கவாலி-ஸ்ஃபோர்சாவின் விடை சரிதான்.

ஆனால் அதே எலும்புகள் படத்தின் குறையையும் காட்டிவிட்டன. படம் உண்மையிலேயே உழவர் வருகையைக் காட்டியிருந்தால், அம்முன்னோரின் பங்கு ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் மிகுந்து, அங்கிருந்து விலக விலகக் குறைய வேண்டும். இன்றைய மக்களுள் அந்த முதல் உழவர்களுக்கு மிக நெருங்கியவர்கள் வாழும் இடமோ, மேற்கே மத்தியதரைக் கடலின் நடுவிலுள்ள சார்டீனியத் தீவு! ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட 5,300 ஆண்டுப் பழைய மனித உடலின் மரபணுத் தொகுதி 2012இல் வெளியானபோது, அதற்கு நெருங்கியவர்களும் சார்டீனியர்களே என்று தெரிந்தது.

காரணம், பிற்காலத்தில் வந்த வேறொரு பெரும் இடப்பெயர்ச்சி. கருங்கடலுக்கு வடக்கிலுள்ள புல்வெளிகளிலிருந்து கால்நடை மேய்ப்போர் மேற்கே வந்தனர். ஜெர்மனியில் 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பண்பாட்டினரின் முன்னோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இப்புல்வெளி மக்களே என்று 2015இல் கணக்கிடப்பட்டது. பிரிட்டனில் சில நூற்றாண்டுகளுக்குள் ஏறத்தாழ 90 சதவீத மரபணுத் தொகுதி மாறிப்போனதாக 2018இல் வந்த ஆய்வு கூறுகிறது. பழைய சரிவுகளின் மேல் புதிய வெள்ளம் பாய்ந்திருக்கிறது. தீவிலிருந்தவர்களை அவ்வெள்ளம் அதிகம் எட்டவில்லை. 1994 நூல் தன் மூன்றாம் கூறின் படத்தை இப்புல்வெளி மக்களோடு தொடர்புபடுத்தியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஊகமும் பலித்தது. ஆனால் பலித்த ஊகம் வேறு, நிறுவப்பட்ட முடிவு வேறு.

எல்லாச் சரிவும் ஒன்றா?

அப்படியானால் இன்றைய மக்களின் மரபணுக்கள் வரலாறு எதையும் சொல்லாவா? சொல்லும். எந்தச் சரிவு என்பதைப் பொறுத்தது அது. 2005இல் உலகின் 53 மக்கள் குழுக்களை ஆராய்ந்தபோது, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நிலவழித் தொலைவு கூடக்கூடப் பல்வகைமை குறைந்துகொண்டே போவது தெரிந்தது. ஆப்பிரிக்காவில் மிகுதி, தென்னமெரிக்கப் பழங்குடிகளிடம் குறைவு. நம் மணி மூட்டையை நினைவுகூருங்கள். கைப்பிடியிலிருந்து கைப்பிடி, அதிலிருந்தும் கைப்பிடி! மாணவியின் கேள்வியை இங்கும் கேட்போம். அக்கம்பக்கப் போக்குவரத்து மட்டுமே இருந்திருந்தால் பல்வகைமை நடுவில் மிகுந்து விளிம்புகளில் குறைந்திருக்கும். ஒரு மூலையில் தொடங்கி உலகின் மறுகோடி வரை ஒரே திசையில் குறையக் காரணமில்லை. எனவே இச்சரிவு வலுவான சான்று. ஆப்பிரிக்காவில் கிடைத்த தொல்லெலும்புகளின் வயதும் இதனோடு ஒத்துப்போகிறது. ஆயினும், பிற்காலக் கலப்புகளும் இத்தகைய சரிவை உண்டாக்கக்கூடும் என்று பிக்ரெல், ரைக் ஆகிய இருவரும் 2014இல் எச்சரித்தனர். எத்தனை முறை அள்ளப்பட்டது, எங்கே கலந்தது என்பதைச் சரிவிலிருந்து மட்டும் கூறிவிட முடியாது. குறிப்பிடத்தக்க செய்தி, 2005 ஆய்வின் ஆசிரியர்களுள் 83 வயதான கவாலி-ஸ்ஃபோர்சாவும் ஒருவர்!

நம் நாட்டிற்கு வருவோம். மேற்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவிற்குச் சென்றது போலவே இந்தியப் பக்கமும் உழவர் கூட்டம் வந்தது, திராவிட மொழிகளும் அவர்களோடு வந்திருக்கலாம் என்ற கருத்தையும் அந்நூல் எடுத்துரைத்தது. 2019இல் அரியானா மாநிலத்தின் ராகிகர்ஹியில் கிடைத்த, சிந்துவெளிக் காலப் பெண் ஒருவரின் டி.என்.ஏ. படிக்கப்பட்டது. அவருடைய முன்னோருள் ஒரு சாரார் பண்டைய ஈரானியருக்கு உறவினர். ஆனால் அக்கிளை, ஈரானில் வேளாண்மை தொடங்குவதற்கு முன்பே பிரிந்துவிட்டது. அதாவது, ஐரோப்பாவில் நடந்தது போன்ற உழவர் வருகைக்கு இச்சான்று துணை நிற்கவில்லை. ஒரே ஒரு பெண்ணின் எலும்பு ஒரு நாகரிகம் முழுவதற்கும் சாட்சியாகாது. அவர் என்ன மொழி பேசினார் என்றும் எலும்பு சொல்லாது. எனினும் ஒன்று விளங்குகிறது. ஓரிடத்தில் சரியான விடையைத் தந்த வழி, அடுத்த இடத்திலும் தரும் என்பதற்கு உறுதி இல்லை. வழியில் பிழை இருந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பது இதற்காகத்தான்.

எத்தனை மதிப்பெண்?

வண்ணங்கள் நம்மை இன்னொரு வகையிலும் ஏமாற்றுகின்றன. 2008இல் வேறோர் ஆய்வு, ஐரோப்பியரின் மரபணுத் தொகுதியில் ஐந்து லட்சம் புள்ளிகளைப் படித்து முதல் இரண்டு கூறுகளையும் வரைந்தது. ஐரோப்பாவின் நிலப்படமே ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டது. ஆய்வுக்கு உட்பட்டோரில் பாதிப்பேரின் பூர்வீகத்தை 310 கிலோமீட்டருக்குள் கூற முடிந்தது. இவ்வளவு தெளிவான படத்தின் முதற்கூறு, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எவ்வளவைக் காட்டியது தெரியுமா? 0.3 சதவீதம். இரண்டாம் கூறு 0.15 சதவீதம். மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் குழுவிற்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று ரிச்சர்ட் லெவோன்டின் 1972இலேயே கணக்கிட்டிருந்தார். மனித இனப்பாகுபாட்டிற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதை 1994 நூலும் திட்டவட்டமாக எழுதியது. ஆனால் நூலின் எழுத்தைப் படித்தவர்களை விடப் படத்தைப் பார்த்தவர்களே அதிகம். இன்று கைப்பேசிகளில் சுற்றிவரும் வண்ணப் படங்களைக் காட்டி, யார் வந்தவர், யார் இருந்தவர் என்று சிலர் தீர்ப்பளிக்கிறார்கள். ஊர்க் கோடியில் வாழும் ஒருவரைப் பார்த்து ‘நீ அயலான்’ என்று சொல்ல இப்படங்கள் பயன்படும்போது, வழியின் பிழை தாளோடு நின்றுவிடுவதில்லை.

இனி மதிப்பெண்ணைப் போடுவோம். நல்ல கேள்வியைக் கேட்டதற்கு முழு மதிப்பெண். பார்மா பள்ளத்தாக்கின் உழைப்பிற்கும், கார்பன் கணக்கிற்கும், உலகெங்கும் சிதறிக் கிடந்த இரத்த வகை விவரங்களைத் தொகுத்ததற்கும் முழு மதிப்பெண். படத்தையே சான்றாக வைத்த படிக்கு மதிப்பெண் இல்லை. கவாலி-ஸ்ஃபோர்சா 2018ஆம் ஆண்டில் தமது 96ஆம் வயதில் காலமானார்; அதற்குள் தம் விடை சரியென்று எலும்புகள் சொன்னதையும், தம் வழியிலுள்ள குறையை இளைஞர்கள் எடுத்துக்காட்டியதையும் வாழும் காலத்திலேயே கண்டார். ஆய்வாளருக்கு இது நல்ல பேறுதான்.

மன்றத்தில் தவறான பதில் சொன்ன நானும் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. மேற்சொன்ன ஆய்வுகளைப் படித்து முடித்த பிறகு, அதே மாணவர்கள் கூடிய அடுத்த கூட்டத்தில் அப்படத்தை மறுபடி திரையிட்டு, என் பதில் பிழை என்று கூறி, கரும்பலகையில் கம்பியின் அதிர்வுகளை வரைந்து காட்டினேன். இம்முறை யாரும் கைதட்டவில்லை, பலர் குறிப்பெடுத்தார்கள். மக்கள் வரலாற்றைக் காட்டுவதாக ஒரு வண்ணப் படம் உங்கள் கைக்கு வரும்போது, அந்த மாணவி கேட்டதை நீங்களும் கேளுங்கள்: இப்படி எதுவுமே நடக்காமல் இருந்திருந்தால், படம் எப்படி இருந்திருக்கும்?